ஊர்க்காவல் யார் பொறுப்பு?
வணிகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய சில செய்திகள்



சேலத்தில் கூடினாலும், நாமக்கல்லில் கூடினாலும், ராசிபுரம், ஆத்தூர், திருச்செங்கோட்டில் கூடினாலும் நம் சங்கக் கூட்டங்களில் மூன்று புகார்கள் தவறாமல் வருகின்றன. தெருவிளக்கு எரியவில்லை என்பது ஒன்று. ராத்திரி ரோந்து வருவதில்லை என்பது இரண்டாவது. அப்படியே போலீஸ் வந்தாலும் "கடையை அடை" என்று லத்தியைத் தட்டுகிறார்கள் என்பது மூன்றாவது. இந்த மூன்றையும் ஒரே தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, கவுன்சிலரிடம் ஒரு நகல், இன்ஸ்பெக்டரிடம் ஒரு நகல், கலெக்டருக்கு ஒரு நகல் என்று கொடுத்துவிட்டு வருகிறோம். ஆறு மாதம் கழித்து அதே மூன்று புகாரை மறுபடியும் எழுதுகிறோம்.

காரணம் என்ன? எது யார் பொறுப்பு என்று நமக்குத் தெளிவாகத் தெரியாததுதான். கடையில் யாருக்கு எவ்வளவு பாக்கி என்று பேரேட்டில் தனித்தனிப் பக்கம் போட்டு வைக்கிறோம். ஊர் விஷயத்தில் மட்டும் எல்லாரையும் ஒரே பக்கத்தில் எழுதுகிறோம். வசூல் எப்படி ஆகும்? ஆகவே, இந்தக் கணக்கைப் பிரித்து எழுதிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பழைய ஏற்பாடு

வணிகர்கள் தங்கள் காவலைத் தாங்களே பார்த்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு. சோழர் காலத்தில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு பெரிய அளவில் வியாபாரம் செய்தது. அவர்கள் சரக்குக்குக் காவலாக வீரர்களை வைத்திருந்தார்கள். அப்படிக் காவல் பெற்ற வணிக ஊர்களுக்கு எறிவீரபட்டினம் என்றே பெயர் இருந்ததைக் கல்வெட்டுகள் சொல்கின்றன.

ஊர் நிர்வாகத்துக்கோ உத்திரமேரூர்க் கல்வெட்டு சாட்சி. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளில் வெட்டப்பட்டது. குடவோலை மூலம் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை எல்லோரும் மேடையில் பேசுகிறார்கள். அதில் நமக்குப் பிடித்த வரி வேறு. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் மறுபடியும் வரக்கூடாது, அவன் உறவினரும் வரக்கூடாது என்று விதி செய்திருந்தார்கள். பொறுப்பில் இருப்பவன் கணக்குக் காட்ட வேண்டும் என்பது ஆயிரம் வருஷத்துக்கு முன்பே நம் ஊர் அறிந்த விஷயம்.

பிறகு கம்பெனி ஆட்சி வந்தது. கிராமக் காவல் முறைகள் மாறி, வரி வசூலிக்கும் தாசில்தாரே போலீஸுக்கும் தலைவராக இருந்தார். வரி கட்டாதவனைக் கட்டி வைத்து அடித்து வசூலித்தார்கள். இந்தக் கொடுமை பெரிதாகப் பேசப்பட்டு, சென்னை மாகாணத்தில் சித்திரவதை பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் போட்டார்கள். 1855-ல் அதன் அறிக்கை வந்தது. அதற்குப் பின், 1859-ல் சட்டம் செய்து, வருவாய்த் துறையிலிருந்து போலீஸைத் தனியாகப் பிரித்தார்கள். இதை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

சேலம் நகராட்சியும் போலீஸும்

சேலம் நகராட்சி 1866-ல் அமைந்தது. 1882-ல் சேலத்தில் ஒரு வருந்தத்தக்க கலவரம் நடந்தது. அப்போது நகராட்சி உறுப்பினராக இருந்தவர் வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியார். கலவரத்தைத் தூண்டினார் என்று அவர் மேல் வழக்குப் போட்டு, பத்து வருஷம் தீவாந்தர தண்டனை விதித்தார்கள். அவர் மேல்முறையீட்டில் விடுதலையானார். ஆனால் அதற்குள் நகராட்சிப் பதவியிலிருந்து நீக்கிவிட்டார்கள். அவர் சும்மா இருக்கவில்லை. இந்தியா மந்திரி பேரிலேயே வழக்குத் தொடுத்து, நீக்கியது தவறு என்று சென்னை உயர்நீதிமன்றத்தில் தீர்ப்புப் பெற்றார். கிடைத்த நஷ்டஈடு 100 ரூபாய். தொகை சிறியது; ஜனங்கள் அனுப்பிய உறுப்பினரை சர்க்கார் நினைத்தபடி வீட்டுக்கு அனுப்ப முடியாது என்ற நியாயம் பெரியது. அவரே பிற்காலத்தில் 1920-ல் நாகபுரி காங்கிரசுக்குத் தலைமை தாங்கினார். அதே சேலம் நகராட்சிக்கு 1917-ல் ராஜாஜி சேர்மனாக வந்தார்.

இவ்வளவு பெரியவர்கள் உட்கார்ந்த மன்றம்தான். ஆனாலும் அன்றும் இன்றும் அந்த மன்றத்துக்குப் போலீஸ் மேல் அதிகாரம் கிடையாது. இங்கிலாந்தில் 1835-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நகரசபை உறுப்பினர்களைக் கொண்ட காவல் கமிட்டி ஒன்று போலீஸை நியமித்து, கணக்குக் கேட்டு நடத்தியது. 2012-ல் அங்கே போலீஸை மேற்பார்வை செய்ய ஒருவரை ஜனங்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கவும் செய்தார்கள். அந்த நாட்டுக்காரன் இங்கே ஆண்டபோது, தன் ஊர் வழக்கத்தை நமக்குத் தரவில்லை. சுதந்திரம் வந்த பிறகும் அது மாறவில்லை.

சட்டம் சொல்வது

நம் அரசியல் சட்டத்தில் போலீஸ் மாநிலப் பட்டியலில் இரண்டாவது இனம். உள்ளாட்சி ஐந்தாவது இனம். இரண்டுமே மாநில அரசின் கையில் இருக்கின்றன. 1993 ஜூன் 1-ல் நடைமுறைக்கு வந்த 74-வது திருத்தம் நகராட்சிகளுக்குக் கொடுக்கலாம் என்று 18 வேலைகளைப் பன்னிரண்டாவது அட்டவணையில் சொல்லியது. தெருவிளக்கு, வாகனம் நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம், குடிநீர், துப்புரவு, தீயணைப்பு எல்லாம் அதில் உண்டு. போலீஸ் இல்லை. தீயணைப்பு அட்டவணையில் இருந்தாலும், தமிழ்நாட்டில் அதுவும் மாநிலத் துறையாகவே இருக்கிறது. 1985-ஆம் வருஷத் தீயணைப்புச் சட்டத்தின்படி அது நடக்கிறது.

சேலம் 1994-ல் மாநகராட்சி ஆயிற்று. 60 வார்டுகள், சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலங்கள். 1997-ல் மாநகரக் காவல் ஆணையர் பதவி வந்தது. அதே 1997 ஜனவரியில் நாமக்கல் தனி மாவட்டம் ஆனது. நாமக்கல் நகராட்சியும் 2024-ல் மாநகராட்சியாக உயர்ந்தது. பெயர்ப் பலகைகள் பெரிதாகிவிட்டன. ஆனால் மேயர் ஒரு கான்ஸ்டபிளுக்குக்கூட உத்தரவு போட முடியாது என்ற நிலை அப்படியேதான் இருக்கிறது. இதைத் தெரிந்துகொண்டால், "மேயரே, போலீஸைக் கண்டியுங்கள்" என்று மனுக் கொடுத்து ஏமாற மாட்டோம்.

சாத்தான்குளம்

இது ஏட்டுச் சுரைக்காய் விவாதம் இல்லை என்பதற்கு நம் இனத்தார் இரண்டு பேர் உயிரைக் கொடுத்திருக்கிறார்கள். 2020 ஜூன் 19. கொரோனா ஊரடங்குக் காலம். தூத்துக்குடி மாவட்டம் சாத்தான்குளத்தில் செல்போன் கடை நடத்திய ஜெயராஜ், அவர் மகன் பென்னிக்ஸ் ஆகிய இருவரும் காவல் நிலையத்தில் வைக்கப்பட்டார்கள். குறித்த நேரத்துக்கு மேல் கடையைத் திறந்து வைத்திருந்தார்கள் என்பதுதான் சொல்லப்பட்ட காரணம். இரவெல்லாம் அடிபட்டு, கோவில்பட்டி கிளைச் சிறைக்கு அனுப்பப்பட்டு, ஜூன் 22 இரவு மகனும் மறுநாள் காலை தகப்பனும் இறந்தார்கள். மாநிலம் எங்கும் வணிகர்கள் கடையடைத்தோம். வழக்கு சி.பி.ஐ.க்குப் போயிற்று. 2020 செப்டம்பரில் 9 காவலர்கள் மேல் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்தார்கள்.

அந்த நேரத்தில் மதுரை உயர்நீதிமன்றக் கிளை ஒரு உத்தரவு போட்டது. சாட்சியங்கள் அழியாமல் இருக்க, சாத்தான்குளம் காவல் நிலையத்தை வருவாய்த் துறையின் கட்டுப்பாட்டில் கொண்டுவர வேண்டும் என்றது. முன்னே சொன்னதை இப்போது நினைவுக்குக் கொண்டுவாருங்கள். வருவாய்த் துறை அடிக்கிறது என்று 1859-ல் போலீஸைப் பிரித்தார்கள். போலீஸ் அடித்தது என்று 2020-ல் ஒரு ஸ்டேஷனை வருவாய்த் துறையிடம் கொடுத்தார்கள். நூற்று அறுபது வருஷமாக அதிகாரம் ஒரு சர்க்கார் மேஜையிலிருந்து இன்னொரு சர்க்கார் மேஜைக்குப் போயிருக்கிறதே ஒழிய, அந்த ஊர் ஜனங்கள் கணக்குக் கேட்கும் இடத்துக்கு வரவே இல்லை.

தெற்கே நடந்தது என்று நாம் நினைக்க வேண்டாம். சரியாக ஒரு வருஷம் கழித்து, 2021 ஜூன் 22-ல், நம் சேலம் மாவட்டத்தில் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் இடையப்பட்டியைச் சேர்ந்த ஒரு சிறு கடைக்காரர் நடுரோட்டில் அடிபட்டு, மறுநாள் இறந்தார். சிறப்பு உதவி ஆய்வாளர் ஒருவர் கைது செய்யப்பட்டார்.

எல்லாக் காவலரும் இப்படி என்று சொல்வது பாவம். நம் கடைகளில் பூட்டு உடைந்தால் ராத்திரி இரண்டு மணிக்கு வருகிறவரும் அதே காக்கிச் சட்டைக்காரர்தான். நல்லவருக்கும் மரியாதை, கெட்டவருக்கும் பயம் இருக்க வேண்டுமானால், கேட்பதற்கு ஓர் இடம் வேண்டும் என்பதே நம் கருத்து.

புகார் கேட்கும் இடம்

2006 செப்டம்பரில் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், போலீஸ் மேல் வரும் புகார்களை விசாரிக்க மாநிலத்துக்கும் மாவட்டத்துக்கும் தனி ஆணையம் வேண்டும், ஓய்வு பெற்ற நீதிபதி தலைமை தாங்க வேண்டும் என்றது. தமிழ்நாடு 2013-ல் ஒரு போலீஸ் சீர்திருத்தச் சட்டம் செய்தது. அதன்படி மாவட்ட ஆணையத்துக்குத் தலைவர் மாவட்ட ஆட்சியர். காவல் கண்காணிப்பாளரும் அதில் உறுப்பினர். நீதிபதியும் இல்லை, மேயரும் இல்லை, கவுன்சிலரும் இல்லை, ஜனங்கள் தேர்ந்தெடுத்த ஒருவரும் இல்லை. எடை குறைகிறது என்று புகார் சொன்னால், தராசுக்காரனையே கூப்பிட்டு எடை போடச் சொல்வது போலத்தான் இது.

வேறு வழி இல்லாமல் இல்லை. 1999-ல் திருச்சி மாநகரக் காவல் ஆணையராக இருந்த ஜே.கே. திரிபாதி, நகரைச் சிறு சிறு பீட்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் குறிப்பிட்ட காவலர்களை நிலையாகப் போட்டார். தெருவில் உள்ளவர்களுக்குக் காவலரின் பெயர் தெரிந்தது, காவலருக்கும் கடைக்காரரைத் தெரிந்தது. புகார்ப் பெட்டிகளும் வைத்தார். வெளிநாடு வரை அந்தத் திட்டத்துக்குப் பெயர் கிடைத்தது. கேரளத்தில் 2008-ல் ஜனமைத்ரி என்ற பெயரில் ஸ்டேஷன் தோறும் ஊர்க்காரர்களைக் கொண்ட குழு அமைத்தார்கள். பிறகு 2011-ஆம் ஆண்டுப் போலீஸ் சட்டத்திலேயே மக்கள் தொடர்புக் குழுவுக்கு இடம் கொடுத்தார்கள்.

திருச்சித் திட்டத்தைக் கொண்டுவந்த அதே அதிகாரி மாநிலக் காவல்துறைத் தலைவராக இருந்த காலத்தில்தான் சாத்தான்குளம் நடந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஓர் அதிகாரியின் நல்ல மனது அவர் மாறுதலில் போகும்போது கூடவே போய்விடுகிறது. சட்டத்தில் எழுதி வைத்தால்தான் அடுத்தவர் வரும்போதும் அது நிற்கும்.

மன்றம் செய்யக்கூடியது

போலீஸ் மேல் அதிகாரம் இல்லை என்பதால் உள்ளாட்சி மன்றம் கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாம் என்று அர்த்தம் இல்லை. பாதுகாப்பு என்பதில் பாதிக்கு மேல் லத்தியைச் சேர்ந்தது இல்லை. விளக்கு எரிகிற சந்தில் பூட்டு உடைப்பது குறைவு. மூடியிருக்கிற சாக்கடையில் யாரும் விழுவதில்லை. இவையெல்லாம் மன்றத்தின் வேலை.

சில ஆண்டுகளுக்கு முன் நான் சரக்கு இறக்கி வைக்கும் ஓர் ஊரில், ஊர் பெயர் வேண்டாம், கிடங்குச் சந்தில் நாலு மாதம் விளக்கு இல்லை. பதினோரு மூட்டை துவரம் பருப்பு போய்விட்டது. ஸ்டேஷனில், "இருட்டில் எங்களால் என்ன செய்ய முடியும், விளக்கைப் போடச் சொல்லுங்கள்" என்றார்கள். உள்ளாட்சி அலுவலகத்தில், "கம்பம் சாய்ந்திருக்கிறது, மின்வாரியத்தில் கேளுங்கள்" என்றார்கள். மின்வாரியத்தில், "கம்பம்தான் எங்களுடையது, விளக்கு அவர்களுடையது" என்றார்கள். மூன்று பேர் சொன்னதும் பொய் இல்லை. ஆனால் என் பருப்பு வரவில்லை. மூன்று பேரையும் ஒரே மேஜையில் உட்கார வைக்க வேண்டியவர் யார்? அந்த வார்டு உறுப்பினர்தான். அதற்குத்தான் ஓட்டுப் போடுகிறோம்.

இதற்குச் சட்டத்திலும் இடம் வந்துவிட்டது. 2022-ல் வெளியான விதிகளின்படி மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சிகளில் வார்டு கமிட்டியும் ஏரியா சபையும் அமைக்க வேண்டும். கிராமசபை போல நகரத்துக்கும் ஒரு சபை. 2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று மாநிலம் எங்கும் ஏரியா சபைக் கூட்டம் நடந்தது. அதில் வணிகர்கள் எத்தனை பேர் போனோம்? கடை திறந்திருக்கும் நேரம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்வது நம் வழக்கம்.

தீ விஷயம் அதைவிட முக்கியம். 2022 டிசம்பர் 31 அதிகாலை, நாமக்கல் மாவட்டம் மோகனூரில் ஒரு பட்டாசு வியாபாரியின் வீட்டில் வைத்திருந்த பட்டாசு வெடித்து 4 பேர் இறந்தார்கள். 2021 அக்டோபரில் சங்கராபுரத்தில் தீபாவளிக்கு முன் பட்டாசுக் கடை வெடித்துப் பல உயிர் போயிற்று. 2008-ஆம் வருஷ வெடிபொருள் விதி தெளிவாகச் சொல்கிறது. தற்காலிகப் பட்டாசுக் கடைகளுக்கு நடுவே 3 மீட்டர் இடைவெளி வேண்டும், கடைகள் எதிரெதிராக இருக்கக்கூடாது, ஓரிடத்தில் 50 கடைக்கு மேல் கூடாது. இதைப் பார்க்க வேண்டியவர்கள் வருவாய்த் துறை, போலீஸ், தீயணைப்பு, உள்ளாட்சி என்று நாலு பேர். நாலு பேர் பார்க்க வேண்டிய வேலையை ஒருவரும் பார்க்காமல் போவது நாம் அறிந்ததே.

இங்கே நம் பக்கமும் கொஞ்சம் பார்க்க வேண்டும். செவ்வாய்பேட்டை, லீ பஜார் பக்கம் காலை நேரத்தில் லாரி நிற்கும் அழகை நான் சொல்ல வேண்டியதில்லை. மூட்டை நடைபாதையில், தட்டுவண்டி ரோட்டில், சாக்கடை மேல் பலகை. தீயணைப்பு வண்டி உள்ளே வர வழி விடாமல் அடைத்துவிட்டு, வண்டி தாமதமாக வந்தது என்று பேசுவது நியாயம் ஆகாது. மாமூல் கேட்கிறார்கள் என்று புலம்புகிறோம். ஆக்கிரமிப்பு இருக்கும் வரை மாமூலுக்கும் வாசல் திறந்தே இருக்கும்.

மன்றமே இல்லாத காலம்

இவ்வளவும் மன்றம் இருந்தால்தான். 2016 அக்டோபரில் நகர்ப்புற மன்றங்களின் காலம் முடிந்தது. அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல்தான் நடந்தது. ஐந்து வருஷத்துக்கு மேல் தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்தார்கள். காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டத்தில் எழுதியிருந்தும் இந்தக் கதி. சாத்தான்குளம் நடந்ததும் அந்த ஐந்து வருஷத்துக்குள்தான். ஊருக்காகக் கேள்வி கேட்கத் தேர்ந்தெடுக்கப்பட்ட பேரூராட்சி மன்றம்கூட அங்கே அப்போது இல்லை. நம் சேலம், நாமக்கல் மாவட்டக் கிராம ஊராட்சிகளிலும் 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். அதிகாரி கோப்பைப் பார்ப்பார். உறுப்பினர் மறுநாள் காலை நம் கடை வழியாகத்தான் போக வேண்டும். இந்த வித்தியாசத்துக்காகவாவது தேர்தலைத் தள்ளிப்போடும்போது வணிகர்கள் குரல் கொடுக்க வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

1. விளக்கு, சாக்கடை மூடி, ஆக்கிரமிப்பு, வண்டி நிறுத்தம் ஆகியவற்றுக்கு உள்ளாட்சிக்குத் தனி மனு. ரோந்து, திருட்டுக்குக் காவல் நிலையத்துக்குத் தனி மனு. போலீஸில் கொடுத்தால் மனு ரசீது வாங்காமல் வெளியே வரக்கூடாது.

2. மனுவுக்குப் பதில் இல்லையென்றால், 2005-ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கட்டணத்தில் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும்.

3. ஏரியா சபைக் கூட்டத்துக்குத் தெருவுக்கு ஒரு வணிகர் போக வேண்டும். சொன்னது தீர்மானப் புத்தகத்தில் ஏறியதா என்று பார்க்க வேண்டும்.

4. கைது என்று வந்தால், 1996 டிசம்பரில் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னவை ஒவ்வொரு கடையிலும் தெரிந்திருக்க வேண்டும். கைதுக் குறிப்பில் சாட்சிக் கையெழுத்து வேண்டும்; உறவினருக்குத் தகவல் தர வேண்டும்; மருத்துவப் பரிசோதனை வேண்டும். 24 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சட்டமே சொல்வது. நீதிபதி முன் நிற்கும்போது அடிபட்டிருந்தால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

5. கடைக்காரர் யாரையாவது ராத்திரி ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனால், சங்க நிர்வாகி ஒருவரும் ஒரு வழக்கறிஞரும் உடனே போவது என்று ஒவ்வொரு ஊர்ச் சங்கமும் ஏற்பாடு செய்ய வேண்டும். தனியாகப் போனவர்களுக்குத்தான் ஆபத்து.

6. மாவட்டப் புகார் ஆணையத்துக்கு நீதிபதி தலைமை வேண்டும், உள்ளாட்சி உறுப்பினருக்கும் வணிகர் பிரதிநிதிக்கும் இடம் வேண்டும் என்று ஒவ்வொரு சங்கமும் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்ப வேண்டும். இதே தீர்மானத்தைத் தங்கள் மன்றத்திலும் போடும்படி கவுன்சிலர்களைக் கேட்க வேண்டும். மன்றத்துக்கு அதிகாரம் இல்லாவிட்டாலும் தீர்மானம் போட வாய் இருக்கிறது.

வரி கட்டுகிறோம், தொழில் உரிமம் புதுப்பிக்கிறோம், ஜி.எஸ்.டி. கட்டுகிறோம். ஒரு நாள் தாமதித்தால் அபராதமும் கட்டுகிறோம். கட்டுகிறவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை உண்டு. அதைக் கூச்சல் போட்டுக் கேட்க வேண்டாம். சரியான இடத்தில், சரியான தாளில், விடாமல் கேட்டால் போதும். சங்கத்தின் அடுத்த கூட்டத்துக்கு வரும்போது உறுப்பினர்கள் தங்கள் தெருவில் எரியாத விளக்குக் கம்பங்களின் எண்ணை எழுதி எடுத்துவரும்படி கேட்டுக்கொள்கிறேன். அங்கிருந்து தொடங்குவோம்.